காவல் வரிசையில் ஒரு வேட்டை நாய்

தர்மனுடைய நாயைக் கண்டாலே மாகறல் கிராமத்துப் பழனிக்கு வயிறு எரிந்தது. இருவருக்கும் அடுத்தடுத்த நிலம், ஒரே கிணற்றுத் தண்ணீர். ஆனால் சென்னையிலிருந்து தர்மன் ஓர் அல்சேஷன் குட்டி வாங்கி வந்த பிறகு ஊரில் அவன் பேச்சுக்குத் தனி மரியாதை. பழனியின் சிப்பிப்பாறை நாய் காத்தான், ஓடுகிற முயலை வரப்பு தாண்டுவதற்குள் மடக்கிவிடும். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

1972-ல் காஞ்சிபுரம் கால்நடைக் கண்காட்சியில் நாய்களுக்கும் போட்டி வைத்தார்கள். வேட்டை, காவல், மந்தை, செல்லம் என்று நான்கு வரிசைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பை.

"காத்தானை வேட்டைல எழுதிடறேன்பா," என்றார் கால்நடை டாக்டர் வேலாயுதம்.

"தர்மன் எதுல சார்?"

"காவல்."

"அப்ப எனக்கும் காவல்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "வேட்டைக்கு உன் நாய் ஒண்ணுதான் வந்திருக்குது. ஒரு ஓட்டம் ஓடினா கோப்பை உனக்கு. ஏன்பா தர்மனையே பாத்துக்கினு இருக்க?"

"அல்சேஷன் மட்டும் பொறக்கும்போதே காவல் நாயா?"

"அது ஆதியில ஆட்டு மந்தைல இருந்தது. போலீசுல சேத்தப்புறம் காவலுக்கு வந்துடுச்சி."

"ஆடு மேய்ச்சது வரலாம், முயல் புடிச்சது வரக்கூடாதா? அவன் இல்லாத கோப்பை எனக்கு எதுக்கு சார்? எழுதுங்க."

காவல் போட்டியில், பட்டுச்சேலை மூட்டைக்குப் பக்கத்தில் நாயைக் கட்டிவிட்டு உரிமையாளர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். நெசவாளி மயில்வாகனம் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு திருட வருவார். தர்மனின் நாய் பத்தடி தூரத்திலேயே சீறிப் பாய்ந்தது.

"யப்பா, நான் நெய்ஞ்ச சேலையே எனக்கு வேணாம்!" என்று மயில்வாகனம் திரும்பி ஓடினார். கூட்டம் கைதட்டியது.

அடுத்து காத்தான். மைதானத்தின் கோடியில் துள்ளிய ஓர் ஆட்டுக்குட்டி மேல் அதன் கண் குத்திட்டு நின்றது. மயில்வாகனம் மூட்டையைத் தூக்கினார். அது திரும்பவில்லை. அவர் அதன் முதுகைத் தட்டினார்.

"நான் திருடன்பா, கொஞ்சம் பாரேன்!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பழனி தர்மனைப் பார்த்தான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. அதுதான் பழனிக்கு அதிகமாகச் சுட்டது.

காவல் கோப்பை தர்மனுக்குக் கிடைத்தது. வாங்க ஆளில்லாமல் வேட்டைக் கோப்பை பெட்டிக்குள் திரும்பிப் போனது.

தர்மன் அருகில் வந்தான். "வேட்டை வரிசைல நின்னிருந்தா அள்ளிக்கினு போயிருப்பியேபா." குரலில் கேலி இல்லை.

பழனி அந்தப் பெட்டி ஜீப்பில் ஏறும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். அந்த ஒரு கோப்பையாவது தர்மன் வீட்டுக்குப் போகவில்லை என்பதில் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.