இறக்கி வைத்த முனியாண்டி

மில்லடி என்றதும் ஏதோ பெரிய ஊர் என்று நினைத்துவிடாதீர்கள். எல்கடுவ மலையிலிருந்து இறங்கிவரும் ஆற்றின் கரையில் ஒரு பழைய நெல் மில், அதற்கு மேலே சரிவில் சில வீடுகள், அவ்வளவுதான். துரைமார் காலத்தில் ஆற்றை மறித்து அணை கட்டி, தண்ணீரில் சுற்றும் சக்கரம் வைத்து, சுற்றியிருந்த தோட்டங்களுக்கெல்லாம் இங்கேதான் நெல் குத்தினார்கள். மில்லைக் கட்டின துரை மேட்டுப் பங்களாவில் படுத்தான். நெல் குத்தினவனுக்கு ஆற்றை ஒட்டி வரிசை வீடுகளாய் லயம் கட்டிக் கொடுத்தான். நல்ல மனசு!

ஒரு கார்த்திகை மழையில் அந்த லயமே போய்விட்டது. அன்றைக்கு, அணையில் இரைந்துகொண்டிருந்த ஆறு திடீரென்று வாயை மூடிக்கொண்டதாம். மேலே மலை சரிந்து ஆற்றை அடைத்தது கீழே இருந்த சனத்துக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் வற்றிவிட்டதென்று மீன் பொறுக்க இறங்கினார்கள். அடைப்பு உடைந்து வந்த வெள்ளம், மேட்டில் இருந்த முனியாண்டி கல்லின் காலடியில்தான் நின்றது. தப்பியவர்கள் கல்லுக்கு மேலே வீடு கட்டினார்கள். அதற்குப் பிறகு மில்லடியில் பிறந்த பிள்ளைகளுக்குப் பேச்சு வந்ததும் சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்றுதான்: "ஆத்துச் சத்தம் நின்னுச்சுனா சாமிகிட்ட ஓடிரு."

விஜிதாவும் தன் மகள் தினுஷாவுக்கு அதையேதான் சொல்லி வைத்திருந்தாள்.

போன வருடம் கொழும்பு முதலாளி ஒருவர் மில்லை வாங்கி ஹோட்டலாக்கினார். வெள்ளைக்காரர்கள் வரும் வேன்களை நிறுத்த, முனியாண்டி இருந்த மேடு அவருக்குத் தேவைப்பட்டது. சாமிக்கு ஆற்றங்கரையிலேயே டைல்ஸ் பதித்து, லைட் போட்டு, புதுக் கோயில் கட்டித் தருகிறேன் என்றார். கோயில் கமிட்டித் தலைவர் யார்? விஜிதாவின் புருஷன் ரமேஸ்தான். தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவன், நாலு இடம் பார்த்தவன் என்று ஊரில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"ஏங்க, சாமி இருந்த எடத்த விட்டு எறக்குறது எனக்கு என்னமோ சரியாப் படல," என்றாள் விஜிதா.

"அடிப்போடி! இத்தன காலம் மழையில நனைஞ்ச சாமிக்கு இப்பத்தான் ஒரு கூரை கெடைக்குது. ஒனக்கு ஏன் வயித்தெரிச்சல்?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். கேடு வரும் பின்னே, மதி கெட்டு வரும் முன்னே. கல்லைக் கயிறு கட்டி இறக்கிக் கொண்டுபோய் வைத்தார்கள். புதுக் கோயிலில் முதல் விளக்கை ஏற்றியது தினுஷாதான்.

இந்தக் கார்த்திகையில் மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. மருந்தெடுக்க மாத்தளைக்குப் போயிருந்த விஜிதா, பின்னேரம் மேல் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். றிஸ்கான் நானா தன் கடை வாசலிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஸ்கூல் வெள்ளனயே உட்டுட்டாங்க. உங்கட மகள் இப்பதான் கீழ எறங்கிப் போச்சு. மழைக்கு இங்க நில்லு புள்ளன்டு சொன்னேன், கேக்கல்ல."

"வீட்டுக்குத்தானே போனா?"

"இல்ல. ஆத்துச் சத்தம் நின்டுட்டாம், சாமிக்கிட்டப் போகணுமாம். அம்மா சொல்லியிருக்காவாம். மத்தப் புள்ளைகளையும் கையப் புடிச்சிக் கூட்டிக்கிட்டுல்ல போகுது!"

விஜிதா காது கொடுத்துக் கேட்டாள். கடைத் தகரத்தில் மழை அடித்தது. அதற்குக் கீழே, அவள் பிறந்ததிலிருந்து ஒருநாளும் ஓயாத அணையின் இரைச்சல் இல்லை.

மருந்துப் பை எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த வீடுகளைப் பார்த்துக் கத்திக்கொண்டே சரிவில் ஓடினாள். கால்கள் பழக்கத்தில் அவளை மேட்டுக்குத்தான் கொண்டுவந்தன. முனியாண்டி இருந்த இடத்தில் வேன் ஒன்று நனைந்துகொண்டு நின்றது. பிள்ளைகள் யாரும் இல்லை.

கீழே பார்த்தாள். ஆற்றில் பாறைகள் எல்லாம் வெளியே தெரிந்தன. நடுவில் கலங்கல் தண்ணீர் கொஞ்சம் ஓடியது. கரையில் புதுக் கோயிலின் லைட் பளிச்சென்று எரிய, அதன் கூரைக்கடியில் பிள்ளைகள் கல்லைச் சுற்றிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார்கள்.

"தினுஷா! மேல வாடி! எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல ஓடியா!"

மழை அவள் குரலை விழுங்கியது. ஐயோ, சாமிகிட்ட ஓடு என்றுதானே சொன்னேன். மேட்டுக்கு ஓடு என்று இந்தப் பாழாய்ப்போன வாயால் ஒரு வார்த்தை சொன்னேனா? நெஞ்சில் அடித்துக்கொண்டே சேற்றில் வழுக்கிப் பாதிச் சரிவு இறங்கினாள்.

அப்போதுதான் தினுஷா நிமிர்ந்து பார்த்தாள். அம்மா இன்னும் சாமியிடம் வந்து சேரவில்லையே என்று அவள் முகம் பயத்தில் சுருங்கியது. கூரைக்கு வெளியே எட்டிப் பார்த்து, இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினாள்.

"அம்மா, அங்க நிக்காதீங்க! சாமி இங்கதான் இருக்கு! சீக்கிரம் எறங்கி வாங்கம்மா!"

மேலே, வளைவுக்கு அப்பால், ஆற்றின் சத்தம் திரும்ப வந்தது.