முனவ்வறா காதால் பார்த்த தெரு

"இதான் நிலை. தலையக் குனியத் தேவல்ல, நல்ல உயரம்" என்று சொல்லி, கலந்தர் தன் மனைவியின் கையைப் பிடித்துக் கதவு நிலையில் வைத்தார். இரண்டு கண்ணிலும் வெள்ளைத் துணி கட்டியிருந்த முனவ்வறா நிலையைத் தடவினாள். சுவரை விரலால் தட்டினாள். பாதத்தால் தரையைத் தேய்த்துப் பார்த்தாள்.

"சீமெந்துதான். ஆக்கள் எங்க?"

"ஆக்கள் இல்ல புள்ள. அதுக்காகத்தானே இந்த இடத்தப் பாத்த."

சூடடிக்கும் களத்தில் பறந்து வந்த நெல்லுக்கூர் ஒன்று முனவ்வறாவின் வலக்கண்ணில் குத்திப் புண்ணாகிவிட்டது. மட்டக்களப்பு டாக்டர் கொழும்புக்கு எழுதிக் கொடுத்தார். கொழும்பு டாக்டர் இரண்டு கண்ணையும் கட்டிவிட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் மருந்து மாற்ற வர வேண்டும், பத்து நாளைக்கு ஊர்ப்பக்கம் போகவே கூடாது, போனால் அந்தக் கண்ணை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். ஆகவே தங்குவதற்கு ஓர் இடம் வேண்டியிருந்தது.

இடம் தேடும் வேலை வந்ததில் கலந்தருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். மருதமுனையில் வீடு என்பது பெண்ணோடு வருவது. கலியாணத்தன்று ஒரு தகரப் பெட்டியோடு உம்மாவின் வீட்டிலிருந்து முனவ்வறாவின் வீட்டுக்கு வந்தவர் அவர். மரியாதைக்கு அங்கே ஒரு குறையுமில்லை. மாமி மீனின் நடுத்துண்டை அவருடைய சோற்றுக் கோப்பைக்குத்தான் வைப்பார். ஆனாலும் சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றால் கேட்டுத்தான் அடிக்க வேண்டும். தானாகப் பார்த்து, தானாகப் பேசி, மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் 'இதான் நம்மட வீடு' என்று சொல்லும் பாக்கியம் இப்போதுதான் வாய்த்தது. ஊர்த் தறிகளில் நெய்த சாரன்களைக் கொழும்புக்கு விற்க வந்த காலங்களில் அவர் கடைகளில் சாரன் பொதிகளின் மேல் தூங்கியவர்தான். அதற்காகக் கல்வீட்டுக்காரியைக் கடைக்கு மேலே கொண்டுபோய் வைப்பதா? கொள்ளுப்பிட்டியில், மரங்கள் கவிந்த ஒழுங்கையில், ஒரு பெரிய வீட்டின் பின்னறையைப் பிடித்தார். வாடகை கையைக் கடித்தது. அப்படியும் ஓம் என்றார்.

மூன்றாம் நாள் காலையில் அவர் தொழுதுவிட்டு எழும்பியபோது, முனவ்வறா தன் உடுப்பு மூட்டையைக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள்.

"ஊருக்கு மெயில் கோச்சி எத்தின மணிக்கு?"

"என்ன விசர்க் கதை இது? கண்ணு?"

"கண்ணு அல்லாட கையில. எனக்கு இஞ்ச இரிக்க ஏலா. இது என்ன வீடா, மையத்து வீடா? மையத்து வீட்டிலயும் ஓதுற சத்தமாவது கேக்கும்."

"கண்ணக் கட்டிட்டு இரிக்கிற உனக்கு எந்த இடமா இரிந்தா என்ன?" சொல்லி முடிக்கும்போதே கலந்தருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கண்ணத்தானே கட்டியிரிக்கி. காதையும் கட்டிட்டாரா அந்த டாக்டர்?" என்றவள், பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஒரு சத்தமும் இல்லாட்டி, இந்தக் கண்ணு விண்விண்ணெண்டு குத்துறதுதான் எனக்குக் கேக்குது. ராவெல்லாம் அதையே கேட்டுட்டு இரிக்கன்."

கலந்தருக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் வீட்டின் பின்புறத்தில் நான்கு தறிகள் ஓடுகின்றன. முனவ்வறா பிறந்தது, இரண்டு பிள்ளை பெற்றது, பகலில் அயர்வது எல்லாமே அந்தச் சத்தத்துக்குள்தான். தறி நின்றால்தான் அவள் திடுக்கிட்டு எழும்புவாள்.

"பின்னேரம் அசர் தொழுகை வரைக்கும் பொறு புள்ள."

"அசர் வரைக்கும்தான்."

இந்த முறை அவர் கண்ணை மூடிக்கொண்டு வீடு பார்த்தார். புறக்கோட்டையில் ஒரு விடுதி வாசலில் அப்படி நின்றபோது, கைவண்டிக்காரன் ஒருவன் அவருடைய ஏழு தலைமுறையையும் சிங்களத்தில் விசாரித்துவிட்டுப் போனான். சத்தம் போதியளவு இருந்தது. ஆனால் பொழுதுபட்டுக் கடைகள் சாத்தியதும் அங்கே ஈ காக்கை இராது என்பது அவருக்குத் தெரியும். அங்கிருந்து மருதானைக்குப் போனார். அவருடைய பழைய கூட்டாளி கல்முனை ஸைனுலாப்தீன் அங்கே தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே சன்னலோடு ஓர் அறை சும்மா கிடந்தது. கலந்தர் கட்டிலில் குந்தி, கண்ணை மூடினார்.

"என்ன மச்சான், உனக்கும் கண்ணா?"

"கொஞ்சம் கதைக்காம இரி."

கீழே றொட்டிக்கு மா அடிக்கிறார்கள். கொண்டக்டர் பொரளை, பொரளை என்று கத்துகிறான். மின்கம்பியில் தொங்கிக்கொண்டு ஒரு ட்ரொலி பஸ் உறுமிப் போகிறது. ஸ்டேசனில் கோச்சி ஊதுகிறது. பின்வளவில் ஒரு பெண் மலாய்ப் பாஷையில் புருஷனை ஏசுகிறாள்.

"ராவையில எத்தின மணிக்கு அடங்கும்?"

ஸைனுலாப்தீன் தலையைச் சொறிந்தார். "பொய் சொல்லப்படாது. அதுதான் இஞ்ச உள்ள ஒரே குறை. கண்ணயர்ற நேரம் பால்காரன் வந்திருவான். அதனாலதான் பாதி வாடகைக்கும் ஆள் வாறல்ல."

கலந்தர் கண்ணைத் திறந்தார். "சாவியத் தா."

அன்றிரவு முனவ்வறா விடியற்காலை சுபஹு பாங்கு வரைக்கும் தூங்கினாள். அடுத்த நாளிலிருந்து தெரு அவளுடையதாகிவிட்டது. வெளியே போய்விட்டு வரும் கலந்தருக்கு, கட்டிலில் இருந்தபடியே அவள் செய்தி சொன்னாள்.

"பின்வளவு மலாய்க்காரியும் புருஷனும் இண்டைக்கு ராசியாகிட்டாங்க."

"ஆருகா சொன்ன?"

"சட்டி வைக்கிற சத்தத்தக் கேளுங்களன். எவ்வளவு பதமா வைக்கிறாள்."

அவள் அதிகம் இரங்கியது கடலைக்காரனுக்கு. அந்தியில் அவன் கெந்திக் கெந்தி வரும் செருப்புச் சத்தம் கேட்டதும், "கால் ஏலாத வயசாளி, பாவம். பாக்க ஆளில்லாதவர் போல" என்று கலந்தரை விரட்டுவாள். அவரும் இறங்கிப் போய் இரண்டு சுருள் வாங்கி வருவார். கீழே கண்டதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுடைய தெருவில் கை வைத்ததாகிவிடும்.

பத்தாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். கண் ஆறியிருந்தது. அறைக்குத் திரும்பியதும் முனவ்வறா நேரே சன்னலுக்குப் போய், பலகைக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாள். மூட்டை கட்டிக்கொண்டிருந்த கலந்தர் திகைத்தார்.

"ஏன் புள்ள, கூசுதா?"

"கதைக்காம இரிங்க."

கெந்திக் கெந்திச் செருப்பு வந்தது. சன்னலுக்கு நேர் கீழே வந்ததும் அவள் கண்ணைத் திறந்தாள். கட்டுமஸ்தான ஓர் இளந்தாரி, தலையில் கடலைத் தட்டை ஏந்தியபடி, ஒற்றைக் காலில் துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டு வந்தான். கடதாசிச் சுருள்களைப் பிடித்தபடி அவன் பெண்சாதி சிரித்துச் சிரித்துப் பின்னால் வந்தாள்.

முனவ்வறா வாய்விட்டுச் சிரித்தாள். மருதமுனையில் நான்கு தறிக்கும் மேலால் கேட்கும் சிரிப்பு அது. கடலைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். மிதிபலகையில் தொங்கிய கொண்டக்டரும் பார்த்தான்.

வெளி ஆண்களின் பார்வை அவள்மேல் படாமல் சாத்தும் பழக்கத்தில் கலந்தரின் கை சன்னல் கதவுக்குப் போய், அங்கேயே நின்றது.

"சாத்தவா? கோச்சிக்கும் நேரமாகுது."

"நாளைக்கும் கோச்சி ஓடும்தானே" என்றாள், திரும்பாமலே.

கடல் பக்கமிருந்து காற்று எழும்பிக் கதவை அடிக்க வந்தது. கலந்தர் அதைச் சுவரோடு சேர்த்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கீழே கடலைக்காரன், தலைத்தட்டு அசையாமல், சன்னலைப் பார்த்து இன்னும் ஒரு துள்ளு துள்ளினான்.