எட்டாவது கிரீனில் முறமளவு மஞ்சள்

1

இந்தக் கதை ஒரு சிமெண்ட் மேடையிலிருந்து கிளம்பியது. மைசூரில், மலை தெரிகிற பக்கம், ஒரு கோல்ஃப் மைதானம். பழைய புல்லை முழுக்கச் சுரண்டிவிட்டு, மணல் பரப்பி, புதுப்புல் நட்டு, தசராவுக்குள் திறப்பதாக இருந்தார்கள். அங்கே மோட்டார் ரூமுக்குப் பின்னால் துவைக்கிற கல் அகலத்துக்கு ஒரு மேடை. அதன்மேல் கொஞ்சம் புல், வேர் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது.

அப்படிக் கவிழ்த்துப் போடுகிற கை எது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ராகிக் காட்டில் களை எடுத்த கை. அருகம்புல்லைப் பிடுங்கிச் சும்மா வீசினால் விழுந்த இடத்தில் வேர்விட்டு எழுந்துகொள்ளும். அதனால் மார்டள்ளிப் பக்கத்துக் கிராமங்களில் பாறைமேல் கவிழ்த்து, வேருக்கு வெயில் காட்டிச் சாகடிப்பார்கள்.

புல் வளர்க்கிற இடத்தில் புல்லைச் சாகப்போட்டது யார்? பதிலை ஒளித்துவைத்துக் கடைசியில் காட்டுகிற சாமர்த்தியம் எனக்கு வராது. நாச்சம்மாள். சொல்லிவிட்டேன். கதை அதற்குப் பிறகுதான் இருக்கிறது.

2

தொடக்கத்தைப் பலமுறை எழுதிப் பார்த்தேன்.

மைசூரின் இதமான காலைக் காற்றில் நாச்சம்மாள் — (வேண்டாம். அன்றைக்குக் காற்றே இல்லை.)

நாச்சம்மாள் ஓர் ஏழைக் கூலி. அவளுக்கு — (பணக்காரி களை எடுக்க வருவாளா? அடித்துவிட்டேன்.)

நாச்சம்மாளின் கை அவளைக் கேட்காமல் வேலை செய்தது. (இது இருக்கட்டும்.)

எட்டாவது கிரீனில் அன்று அவளும் பசம்மாவும்தான். கிரீன் என்பது பந்து விழுகிற குழியைச் சுற்றிப் பாய் விரித்தாற்போல் புல் இருக்கவேண்டிய இடம். அப்போது பாய் எங்கே? மணலும், அதில் அங்கங்கே கால் நீட்டத் தொடங்கியிருந்த புல்லும்தான். முட்டி பதிந்தால் பள்ளம் விழும் என்று பலகை போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் களை எடுப்பார்கள். பலகையும் ஒரே இடத்தில் கிடக்கக்கூடாது. அடியில் புல் வெளுத்துவிடும். சூப்பர்வைசர் கிரண் தூரத்திலிருந்தே, "ஹலகெ, ஹலகெ! பலகையை நகர்த்தம்மா!" என்று கத்திக்கொண்டிருப்பான்.

எடுக்கவேண்டியது கோரையை. வெயில் ஏறும்வரை நாச்சம்மாள் கோரையைத்தான் எடுத்தாள். பிறகு பசம்மா தன் மருமகள் கதையைத் தொடங்கினாள். மருமகள் மாமியாருக்குத் தெரியாமல் மிக்ஸியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரிப்பேருக்குக் கொடுத்திருக்கிறது என்று சொன்ன கதை. நாச்சம்மாளின் காது பசம்மாவிடம் இருந்தது. கை ராகிக் காட்டுக்குப் போய்விட்டது. கணு விட்டு ஓடுகிற கொடி விரலில் தட்டினால் அந்தக் கை சும்மா இருக்காது. நுனியைத் தொடாமல், கணுவைப் பிடித்து, வேரோடு உருவும்.*

* கிரீனில் நடுவதற்குப் பெட்டியில் வந்த அந்தப் புல்லுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. நாச்சம்மாளுக்கு அது குட்டையாகப் பிறந்த அருகு. பிள்ளையாருக்கு ஒரு பிடி போதும். மிச்சமெல்லாம் ராகிக்குப் பகை.

"அய்யய்யோ நாச்சம்மா! களெ எடுன்னா புல்லையே எடுத்துட்டியல்லே!" பசம்மாதான் முதலில் பார்த்தாள்.

நாச்சம்மாள் குனிந்து பார்த்தாள். முறமளவு மொட்டை. மடி நிறைய அருகு.

"இப்ப என்னுங்க்கா பண்றது?"

"சும்மிரு. நாலு நட்டுட்டு மணலைத் தள்ளு. அவன் போன் பாக்கறவன், புல்லா பாக்கறான்?"

நாச்சம்மாள் அவசரத்தில் கொஞ்சம் நட்டாள். நட்டாள் என்பதைவிடக் குத்தினாள். மிச்சத்தை மடியோடு கொண்டுபோய் மேடையில் போட்டாள். பயத்திலும் பழக்கம் விடவில்லை. கவிழ்த்துத்தான் போட்டாள்.

3

கிரண் புல்லும் பார்ப்பான். குத்திவைத்ததெல்லாம் மஞ்சளாகிய அன்று, குழாய் பிடித்து அந்தக் கிரீனுக்குத் தண்ணீர் விடுகிறவனைக் கூப்பிட்டான்.

"பாலண்ணா, இல்லி நீரு பிட்டில்வா? இந்த இடத்துக்குத் தண்ணி விடலியா?"

"விட்டேன் சார். ரெண்டு வேளையும் விட்டேன்."

"விட்டா ஏன் காயுது? தண்ணி விடற ஆளே தூங்கினா தசராக்குள்ள எப்படி ஓபன் பண்றது?"

"குழாயப் புடிச்சுட்டுத் தூங்குனா நான் நனஞ்சிருப்பேனே சார்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பலகைமேல் இருந்த நாச்சம்மாளும்தான். அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். கிரணின் காது சிவந்தது.

"நாளையிலேர்ந்து ரோடு வேலைக்குப் போங்க. ஜல்லி சுமங்க. அங்க ஜோக் சொல்லுங்க."

நாச்சம்மாளின் சிரிப்பு பாதியில் நின்றது. மைதானம் திறந்தபின் தண்ணீருக்கு ஒரு ஆள், களைக்கு இரண்டு பெண்கள், மூன்றே பேரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். தண்ணீருக்குப் பாலன் என்றுதான் பேச்சு. அவனுக்கு முதுகு போய்விட்டது. சுமை ஆகாது என்பதும் எல்லாருக்கும் தெரியும். "சார், அது நான்" என்று அவள் சொல்லியிருந்தால் —

(அவள் சொல்லவில்லை. வாக்கியத்தை அப்படியே விடுகிறேன்.)

4

அந்தப் பாலன் நான்தான்.

முதல் பிரதியில் தண்ணீர்க்காரனுக்கு உதயகுமார் என்று பெயர் வைத்திருந்தேன். அவன் என்னைவிட நல்லவனாகிக்கொண்டே போனான். பக்கத்துக்குப் பக்கம் யாரையாவது மன்னித்தான். சகிக்காமல் நிறுத்திவிட்டேன்.

ஆகவே நாச்சம்மாளைப் பற்றி நான் எழுதுவதைச் சந்தேகத்தோடு படியுங்கள். கெட்டவளாக எழுதினால் அது என் கோபம். நல்லவளாக எழுதினால் என் பெருமை. ஒரு பிரதியில் அவளை மொட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போடவைத்தேன். அவளுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது. இன்னொன்றில் அழவைத்தேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை.

தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். மார்டள்ளியை விட்டு, கட்டட வேலையில் ஊர் ஊராக ஷெட் மாறி வந்தவள். ஒரே அறையில் இரண்டு தீபாவளி கொண்டாடவேண்டும் என்பாள். மகள் மனிஷாவைப் பள்ளிக்கூடம் மாற்றி மாற்றிச் சேர்த்ததில், அந்தப் பெண் எந்த ஊரிலும் பெஞ்சில் ஓர இடத்துக்காரியாகவே இருந்தாள். களைக்கு வைத்துக்கொள்ளப்போகும் இரண்டு பேரில் ஒருத்தியாகிவிட்டால் அந்த அலைச்சல் நிற்கும். சொல்லிவிட்டால் நிற்காது.

இதையெல்லாம் எழுதுவதால் கோபம் தீர்ந்துவிட்டது என்று எண்ணவேண்டாம். ஜல்லிக் கூடை தலையில் இருக்கும்போது ஒருவனுக்கு இவ்வளவு நியாயம் தோன்றாது.

5

முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. திறப்புக்குக் கொஞ்ச நாள் முன்பே வேலையை விட்டு நின்றுவிட்டேன். மோட்டார் ரூமில் விட்டுவந்த டிபன் கேரியரை எடுக்கப் போனபோதுதான் மேடையைப் பார்த்தேன்.

சருகாகியிருக்கவேண்டிய புல் பச்சையாக இருந்தது. கவிழ்ந்தபடியே கணுவுக்குக் கணு வெள்ளை வேர் விட்டிருந்தது. மேலே பார்த்தால் குழாய் இணைப்பு. அதில் ஒழுகுகிறது, சரி பண்ணு என்று கிரண் சொல்லிக்கொண்டே இருந்தான். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியதோடு விட்டிருந்தேன். தண்ணீர் விடாதவன் என்று பெயரெடுத்தவனின் தண்ணீர், சொட்டுச் சொட்டாக மேடையில் விழுந்துகொண்டிருந்தது.

பாதிப் புல்லை யாரோ எடுத்திருந்தார்கள். திரும்பினேன். எட்டாவது கிரீனில் நாச்சம்மாள், பலகைமேல், பக்கத்தில் ஈரச்சாக்கு. நட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை குத்தவில்லை. விரலால் குழி பறித்து, வேரைப் படுக்கவைத்து, மண்ணணைத்து.

"வாங்கண்ணா." கை நிற்கவில்லை. "புடுங்குனவளே நடறேன்."

"அது சாவலியா இன்னும்?"

"உங்க குழாய் ஒழுகுதுங்களே. கவுத்துப் போட்டும் சாவுல."

எனக்குச் சிரிப்பு வந்தது. வந்திருக்கக்கூடாது.

"புடிச்சுக்குமா?"

"அருகுங்ண்ணா. புடிக்காம எங்க போவுது?" கடைசிக் கொத்தையும் நட்டுவிட்டு எழுந்தாள். கிரீனின் அந்த முனையில் கிரண் கொடிக்கம்பை நட்டு, சாய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவருகிட்டச் சொல்லிப்போடட்டுங்ளா?"

பிடுங்கும்போது கேட்கவில்லை. என்னை ஜல்லிக்கு அனுப்பும்போது கேட்கவில்லை. இப்போது கேட்கிறாள்.

"அத என்னக் கேக்காத" என்றேன். கேரியரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

6

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அவள் சொல்கிறாள். கிரண் அவளை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிடுகிறான். அவள் நட்ட இடத்துக்கு நான் தண்ணீர் விடுகிறேன். (இதைத்தான் முதலில் எழுதினேன், ஆசையாக. மனிஷா எந்தப் பள்ளிக்கூடம் என்ற கேள்வி வந்ததும் நின்றுவிட்டது.)

அவள் சொல்லவில்லை. புல் கூடி மூடிவிடுகிறது. தசராவில் பெரிய மனிதர் ஒருவர் தட்டிய பந்து அந்த இடத்தின்மேல் உருண்டு நேராகக் குழியில் விழுகிறது, எல்லாரும் கைதட்டுகிறார்கள். (கைதட்டலில் அவளும் சேர்ந்தாளா என்பதை எழுத முடியவில்லை.)

அவள் சொல்கிறாள், கிரண் சிரித்து இருவரையும் வைத்துக்கொள்கிறான். (அப்படியொரு கிரணை எனக்குப் பழக்கமில்லை. தெரிந்தவர்கள் எழுதிக்கொள்ளலாம்.)

என்னை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அதை வைத்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது. உண்மையைக் கேட்டுவிட்டும் கூப்பிடாதவர்கள் உண்டு.

இப்போது மைசூர்ச் சந்தைப் பக்கம், மண்டி மொஹல்லாவில் ஒரு கடையில் சணல் சாக்கு தைக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை. போன மாதம் பசம்மா வெங்காயம் வாங்க வந்தாள். மொட்டை விழுந்த கதையை, மிக்ஸி கதையோடு சேர்த்து, அவள்தான் முழுதாகச் சொன்னாள். "அப்புறம் என்னாச்சு தெரியுமா பாலண்ணா" என்று தொடங்கினாள். முதலாளி கூப்பிடுகிறார் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். முதலாளி ஊரிலேயே இல்லை.

7

ஆகவே நாச்சம்மாள் இன்னும் அங்கேயே நிற்கிறாள். முட்டியில் மணல், கையில் காலிச் சாக்கு. பலகையின் ஒரு முனை கிரண் பக்கம், இன்னொரு முனை மோட்டார் ரூம் பக்கம். அவள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை; இப்போது உங்களைப் பார்க்கிறாள்.

சொல்லச் சொல்வீர்களோ, வேண்டாமென்பீர்களோ, எதுவானாலும் சீக்கிரம். பலகை ஒரே இடத்தில் வெகுநேரமாகக் கிடக்கிறது. அடியில் புல் வெளுக்கும்.