பிளாஸ்மாவின் ஓரத்தில் ஒரு குமிழ்

1995இல் குஜராத்தில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தேன். பெண் பார்க்க ஊருக்கு வந்தபோது, பட்டு வேட்டியோடு ஒரு வீடியோ கேசட்டையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன். என் வேலையை வாயால் சொன்னால் போதாது, காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தேன். அவ்வளவு கர்வம்.

பெண் வீடு திருமழிசையில். பெண் தாட்சாயிணி, தொழிற்பேட்டையில் கணக்கு எழுதுபவள். அவள் அப்பா வேம்புலி எதிர்பார்த்தபடியே கேட்டார்.

"மாப்ள இன்னா வேல பண்றாரு? உங்க நைனா ஏதோ சூரியன்னாரு."

கேசட்டைப் போட்டேன்.

"எஃகு வளையத்துக்குள்ள சூரியன் மாதிரி சூடான வாயு, மாமா. பிளாஸ்மான்னு பேரு. காந்தத்தால புடிச்சி வெச்சிகீறோம். ஓரம் மட்டும் அடங்காது. கொதிச்சிக்கினே குமிழ் குமிழா பிச்சிகினு சுவத்துல மோதும். சூடெல்லாம் வீணாப்பூடும். அத்த பாக்கத்தான், ஒரு நொடிக்கு ஆயிரக்கணக்குல படம் புடிக்கிற கேமரா."

திரையில் சாம்பல் நிறப் புகை சுழன்றது. பெண்ணின் அம்மா டிவி ரிப்பேரோ என்று அதன் தலையில் தட்டினாள். நான் எழுந்துபோய் ஒரு வெளிச்சமான குமிழின் மேல் விரலை வைத்தேன்.

"இது நான் கண்டுபுடிச்சது. கிழிஞ்சி வெளிய ஓடும் பாருங்க."

எல்லோரும் பார்த்தார்கள். சுற்றிலும் எல்லாம் ஓடியது. என் குமிழ் மட்டும் விரலுக்கடியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு படமாக நிறுத்தி அதன் பிரகாசத்தை அளந்தேனே தவிர, ஒருநாளும் தொடர்ந்து ஓடவிட்டுப் பார்த்ததில்லை.

"எம்புள்ள கண்டுபுடிச்சது!" என்றார் என் அப்பா கோதண்டம், பெருமையாக.

நான் திரையிலிருந்து விரலை எடுத்தேன்.

"இல்ல நைனா. அது ஓடல. கேமராவுக்கு முன்னால கீற கண்ணாடில ஏதோ கீறல்."

கதவோரம் நின்ற தாட்சாயிணி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"சும்மா இருடீ," என்றாள் அவள் அம்மா.

"தப்புன்னு அவரே ஒத்துகினாரும்மா. வேற யாருனா இருந்தா டிவிய நிறுத்திட்டு பஜ்ஜி துன்னுகினு இருப்பாங்க."

மறுநாள் கரையான்சாவடி எஸ்டிடி பூத்திலிருந்து என் பேராசிரியருக்குப் போன் செய்து, அந்தக் குமிழைப் பற்றி மாநாட்டுக்கு அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னேன். கண்ணாடியை மாற்றிய பிறகு நிஜமான குமிழ்கள் தெரிந்தன. பிய்த்துக்கொண்டு ஓடவும் செய்தன. அவற்றை முதலில் பார்த்தவர் என் சக ஆய்வாளர் பால்ராஜ். புதிய கட்டுரையில் என் பெயர் நாலாவது.

தை மாதம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது. என்னைப் பற்றிக் கேட்பவர்களிடம் வேம்புலி, "கேமரா வேல" என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார். அதை நம்பி, போன மாதம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் காதுகுத்துக்கு வீடியோ எடுக்கக் கூப்பிட்டார். மறுக்கத் தெரியாமல் போனேன். நான் எடுத்த வீடியோவில் பாதிப் பேருக்குத் தலையே விழவில்லை.