சாம்பிள் கால்

சாம்பிள் ரூமின் ஒரு பக்கச் சுவரை ஒட்டி, நடப்பதற்கென்றே ஒரு பாதை விட்டிருந்தார்கள். பாதி தூரம் டைல்ஸ், பிறகு கொஞ்சம் கார்ப்பெட், கடைசியில் சில படிகள் ஏறி மறுபக்கம் சரிவில் இறங்க வேண்டும். காலையில் டூட்டிக்கு வந்ததிலிருந்து மகா அதில்தான் போய்ப் போய் வந்துகொண்டிருந்தாள். உடம்பில் கம்பெனியின் நீலக் கோட்டு, தலையில் வலைத்தொப்பி, காலில் மட்டும் கூர்முனை வைத்த கறுப்பு ஹை ஹீல்ஸ். கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பியவளைப் பாதி வழியில் பிடித்து வந்து வேலைக்கு நிறுத்தியது போலிருந்தது அந்தக் கோலம்.

"ஏன் மகா, நோவு இருக்கா?" மேனேஜர் நாகேஷ் மேசையிலிருந்தே கேட்டார். அவருடைய தமிழில் பாதி கன்னடம்தான்.

"இல்ல சார்."

"ஸ்வல்பகூட இல்லையா?"

"சுத்தமா இல்ல சார். மெத்து மெத்துன்னு இருக்கு."

அத்தனையும் பொய். முன்பாதம் மிளகாய் அரைத்துப் பூசியது போல எரிந்தது. சுண்டுவிரல் எப்போதோ மரத்துப் போயிருந்தது. மகா சிரித்த முகத்தோடு படியேறினாள். நாகேஷ் தலையை ஆட்டிவிட்டுக் கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

பெங்களூரை ஒட்டிய பொம்மசந்திராவில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் செய்கிற செருப்பெல்லாம் வெளிநாட்டுக்குப் போகிறவை. ஒரு மாடலைச் செய்து குவிக்கும் முன்பு ஒரே ஒரு சைஸில் சாம்பிள் செய்து, உயிருள்ள ஒரு காலில் மாட்டி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பேஸ்டிங் ஹாலில் பசை தடவிக்கொண்டிருந்த பெண்களை எல்லாம் ஒருநாள் வரிசையாக நிறுத்தி டேப் வைத்து அளந்தபோது, அந்த சைஸுக்குச் சொல்லி வைத்தாற்போல் பொருந்தியது மகாவின் கால்தான். ஓசூர்ப் பக்கம் சித்தாள் வேலை செய்த அம்மாவிடமிருந்து வந்த கால். அதில் இப்படியொரு யோகம் ஒளிந்திருக்கும் என்று யார் கண்டார்கள்?

யோகம் என்றுதான் அவள் நினைத்தாள். பசை நெடி ஏறி ஏறி அவளுக்கு இளைப்பு வந்திருந்தது. ராத்திரி படுத்தால் நெஞ்சு விசில் அடிக்கும்; அத்திபெலேயில் அவர்கள் இருந்த ஒற்றை அறையில் மகள் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்துகொள்வாள். அந்த நெடியின் பக்கமே போகாதேம்மா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். போகாமல் இருந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் சொல்லவில்லை. சாம்பிள் ரூமில் நெடி கிடையாது. இங்கே வந்த சில வாரங்களிலேயே மூச்சு ஒழுங்குக்கு வந்துவிட்டது. கால் என்னவாவது ஆகட்டும், மூச்சு நின்றுவிடாமல் இருந்தால் போதும் என்று இருந்தாள் மகா.

அவளுக்கு முன்னால் இந்தப் பாதையில் நடந்தவள் ஜோசஃபின். வலித்தால் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். அடுத்தடுத்து சாம்பிள்கள் திரும்பிப் போயின, ஆர்டர் தள்ளிப் போயிற்று. கடைசியில் செருப்பில் குறை இல்லை, ஜோசஃபின் காலில்தான் குறை என்று முடிவாகி அவளைப் பேஸ்டிங்குக்கே திருப்பி அனுப்பினார்கள். அங்கே மூன்று மாதம்கூட அவள் தாக்குப்பிடிக்கவில்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்த மகாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை. இந்த அறையில் செருப்பைச் சோதிப்பதாகச் சொல்லிக்கொண்டு ஆளைச் சோதிக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்த நிலையில்தான் தீபாவளி கழித்து வைஷ்ணவி வந்து சேர்ந்தாள். திண்டுக்கல் பெண், செருப்பு டிசைன் படித்தவள், வயதில் மகாவைவிடச் சின்னவள். வந்த முதல் நாளே, "மகாக்கா, உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். அதுவே மகாவுக்கு உறுத்தியது. ஆபீஸர் எந்த ஊரில் வேலைக்காரியை அக்கா என்று கூப்பிடுகிறார்? உட்கார்ந்ததும் அந்தப் பெண் தரையில் மண்டியிட்டு மகாவின் பாதத்தைக் கையில் எடுத்தாள்.

மகா பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். "ஐயோ மேடம், காலெல்லாம் தொடாதீங்க. எனக்குப் பாவம் வந்து சேரும்."

"இதுதாங்க்கா என் வேலையே. இங்க அமுக்குறேன், வலிக்குதா?"

அமுக்கிய இடத்தில் உயிர் போயிற்று. "இல்ல மேடம்," என்றாள் மகா.

வைஷ்ணவி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை மகாவுக்குப் பிடிக்கவில்லை.

அதன் பிறகு உபசாரம் கூடிக்கொண்டே போனது. புது ஹீல்ஸ் என்றால் எடுத்த எடுப்பில் நாள் பூராவும் போடக்கூடாது, சாக்ஸோடு கொஞ்ச நேரம் போட்டுப் பழக வேண்டும் என்றாள். முன்பாதத்துக்கு அடியில் வைக்க மெத்தென்ற ஒரு பேடு கொடுத்தாள். முதலில் குதிகாலை ஊன்றி, சின்னச் சின்ன அடியாக வைக்கச் சொன்னாள். மதியம் ஆபீஸ் ஃப்ரிட்ஜிலிருந்து, தண்ணீர் உறைந்துபோன பாட்டில் ஒன்றைத் துணி சுற்றிக் கொண்டுவந்து, அதைப் பாதத்துக்கு அடியில் போட்டு உருட்டச் சொன்னாள். அதில் சுகம் இருந்தது என்பதை மகா தனக்குள்கூட ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் தெரியாத சுகத்தை நம்பி அவள் ஏற்கெனவே பட்டிருக்கிறாள்; மகளின் அப்பன் கொஞ்சிக் குலாவிவிட்டு விட்டுப் போனதும் அப்படித்தான்.

"என்னா மகா, புது மேடம் உனக்கு ஐஸ் வெக்கறாங்களாமே?" கேன்டீனில் சுனிதா கேட்டாள். பேஸ்டிங்கில் மகாவுக்குப் பக்கத்து இடத்தில் நின்றவள் அவள்; பெங்களூர் ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள்.

"ஆமா, காலுக்கு."

"மொதல்ல காலுக்குத்தான் வெப்பாங்க. அப்பறம் தலைக்கு வரும்." சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சுனிதா சிரிக்கவில்லை. "சும்மனே யாரும் செய்யமாட்டாங்க மகா. உஷாரா இரு. போட்டோ வேற புடிக்கறாங்கன்னு சொன்னியே, எதுக்காம்?"

அதுதான் மகாவுக்கும் புரியவில்லை. வாராவாரம் வைஷ்ணவி ஒரு கட்டம்போட்ட தாளின் மேல் அவள் காலை வைக்கச் சொல்லித் தன்னுடைய செல்போனில் படம் எடுத்தாள், ஒருமுறை செருப்போடு, ஒருமுறை வெறும் காலோடு. இத்தனைக்கும் அந்தத் தளத்துக்குள் செல்போனே கொண்டுவரக் கூடாது. புது டிசைன் வெளியே போய்விடும் என்று வாசலில் செக்யூரிட்டி தொழிலாளர்கள் எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துக்கொள்வார்; ஆபீஸ் ஆட்களின் பையை மட்டும் பார்ப்பதில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் மகா விளக்கடியில் உட்கார்ந்து தன் காலை நன்றாகப் பார்த்தாள். பெருவிரல் பக்கத்து விரலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. அதன் அடிமூட்டு புடைத்துச் சிவந்திருந்தது. முன்பு இப்படி இருந்ததா? இருந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்தப் போட்டோ நினைவுக்கு வந்தது. கால் கெட்டுப்போய்விட்டது என்று காட்டத்தான் அந்தப் பெண் படம் எடுக்கிறாள். ஜோசஃபினை வாய் காட்டிக்கொடுத்தது. வாயைத் திறக்காதவளைப் போட்டோவில் பிடிக்கப் பார்க்கிறார்கள்.

அடுத்த வாரம் அந்தச் சந்தேகம் ஊர்ஜிதமாயிற்று. வைஷ்ணவி கதவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மகாக்கா, உங்க கால் மாறிட்டே வருது. எனக்குத் தெரியுது. வலிக்குதுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, மேல ரிப்போர்ட் அனுப்பிடறேன். மத்ததை நான் பாத்துக்கறேன்."

"மேல"யும் "ரிப்போர்ட்"டும் மட்டும்தான் மகாவின் காதில் விழுந்தன.

"எனக்கு வலியே இல்ல மேடம். சத்தியமா."

"பயப்படாதீங்கக்கா."

பயப்படாதே என்று எதிரில் இருப்பவர் சொன்னால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். மதியச் சாப்பாட்டுக்குப் போகாமல் மகா நேரே நாகேஷின் மேசை முன்னால் போய் நின்றாள். தான் முந்திக்கொள்ளாவிட்டால் அவள் முந்திக்கொள்வாள் என்ற ஒன்றுதான் மனசில் இருந்தது.

"சார், ஒண்ணு சொல்லணும். வைஷ்ணவி மேடம் சாம்பிளை எல்லாம் அவங்க சொந்தப் போன்ல போட்டோ புடிக்கறாங்க சார்."

நாகேஷின் முகம் மாறியது. "யாவ சாம்பிள்?"

"இந்தக் கறுப்பு மாடலு சார். இன்னும் வெளிய வராததுன்னு சொன்னீங்களே, அது. என் காலோட சேத்து எடுத்தாங்க."

அவர் உடனே எழுந்து போனார். டிசைன் பிரிவிலிருந்து ஆட்கள் வந்தார்கள், செக்யூரிட்டி ஆபீஸர் வந்தார். வைஷ்ணவியின் போனை வாங்கி, அவள் முன்னாலேயே படங்களை ஒவ்வொன்றாக அழித்தார்கள். "அது டிசைன் இல்ல சார், கால் சார், கால பாருங்க," என்று அவள் சொன்னது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. வேலை இன்னும் நிரந்தரமாகாத பெண் என்பதால் அனுப்பிவைக்க அதிக நேரம் ஆகவில்லை.

பையை எடுத்துக்கொண்டு போகும் வழியில் வைஷ்ணவி மகாவின் அருகில் நின்றாள். கண் சிவந்திருந்தது. "அந்தப் போட்டோ எல்லாம் உங்களுக்காக எடுத்ததுக்கா. இந்த வேலையாலதான் கால் கெட்டுச்சுன்னு காட்டினா வைத்தியத்துக்குக் கேக்கலாம், உக்காந்து செய்யற வேலை கேக்கலாம்னு நெனச்சேன். செருப்பு செய்யற கால் அச்சையும் மாத்தச் சொல்லலாம்னு."

போகிற நேரத்திலும் நல்ல பேர் வாங்கப் பார்க்கிறாள் என்று மகா நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அன்று மதியம் பாட்டில் வராதது கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது. நாகேஷ் அவளைக் கூப்பிட்டு, "குட் மகா, கம்பெனிக்கு இப்படி ஆளுதான் பேக்கு, இப்படி ஆளுதான் வேணும்," என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் இரண்டு வாரம் நிம்மதியாக நடந்தாள். கறுப்பு மாடல் பாஸாகி உற்பத்திக்குப் போனது.

அடுத்த சீசன் வேலை தொடங்கும் முன்பு, வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆட்கள் வந்து சாம்பிள் காலை மறுபடி அளப்பது வழக்கம். மகாவுக்கு அது தெரியாது. ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி அவள் முன்பாதத்தைச் சுற்றி டேப்பை இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள். புடைத்திருந்த மூட்டின் மேல் விரலை வைத்து நாகேஷிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். அவர் தலையைச் சொறிந்தார்.

அவர்கள் போன பிறகு சொன்னார். "மகா, உன் கால் அகலம் ஆயிட்டுது. சைஸுக்குச் சேரல்ல. நாளைலிருந்து பேஸ்டிங்குக்குப் போ."

"சார், இங்க வந்தப்பறந்தான் சார் இப்பிடி ஆச்சு. இந்தச் செருப்பு போட்டுப் போட்டுத்தான் சார்."

"செருப்பா? நீதானே தினா நோவே இல்ல, மெத்துன்னு இருக்குன்னு சொன்னே. எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி வெச்சிருக்கேன். நோவு இல்லாம கால் எப்படிக் கெடும்? உன் கால் மொதலேருந்தே ஹாகே, இப்படித்தான் இருந்திருக்கும்."

"இல்ல சார். மொதல்ல நேரா இருந்துச்சு சார். போட்டோல கூட..."

நாகேஷ் நிமிர்ந்து பார்த்தார்.

"யாவ போட்டோ?" என்றார் நிதானமாக.

மறுநாள் பேஸ்டிங் ஹாலின் கதவைத் தள்ளியதும் நெடி நெஞ்சில் முட்டியது. மகா முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கோட்டுக்குள் அதைச் செருகிக்கொண்டு, பழைய இடத்தில் போய் நின்றாள். சுனிதா பசை டப்பாவை நடுவில் நகர்த்தி வைத்தாள். பெல்ட்டில் கறுப்பு மாடல்தான் ஓடிக்கொண்டிருந்தது. தோலை இழுத்து மாட்டிய பிளாஸ்டிக் கால் அச்சுகள் வரிசையாக வந்தன; அடியில் பசை தடவி, அட்டையை ஒட்டி, அடுத்த கைக்குத் தள்ள வேண்டும்.

பெல்ட் ஒருமுறை நின்றபோது, பக்கத்துத் தட்டில் அதே மாடலின், தோல் மாட்டாத அச்சு ஒன்று கிடந்ததை அவள் எடுத்தாள். பச்சை நிறம், வழவழவென்று இருந்தது. குனிந்து அதைத் தரையில் வைத்து, ரப்பர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தன் காலை அதன் பக்கத்தில் ஊன்றினாள். அச்சின் முனை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கமே அவள் பெருவிரலும் சாய்ந்திருந்தது. இரண்டுக்கும் சாய்வில் துளி வித்தியாசம் இல்லை.

"ஏய் மகா, பெல்ட்டு வருது, ஏந்திரு," என்றாள் சுனிதா.

மகா எழுந்தாள். மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது. அச்சைத் துடைத்து அதன் தட்டிலேயே வைத்தாள். அது கெட்டுப்போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.