நிற்காத அழைப்பு

தம்பியின் ரத்தம் அக்காவின் மேசைக்கே வந்து சேர்ந்தது. ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருடமாகக் குழாய்களோடு மாரடிக்கிறவள் அவள். சீட்டில் அவன் பெயரைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது. சைட்டோகைன் அளவென்று இயந்திரம் காட்டிய எண்ணை நம்பாமல் மறுபடி ஓட்டினாள். மூன்றாம் முறையும் அதேதான். இருக்க வேண்டியதைப் போல் நூறு மடங்கு.

மூன்று நாள் முன்புதான் ஃபோன் செய்திருந்தான். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கியபடி பெயின்ட் அடிக்கிறவன். அத்தனை துணிச்சல்காரன், அவளைக் கேட்காமல் மட்டும் ஓரடி எடுத்துவைக்க மாட்டான்.

"நாலு நாளா காய்ச்சல்க்கா. மூச்சு வேற வாங்குது. டாக்டர்கிட்ட போகவா?"

வேலை தலைக்கு மேல் கிடந்தது. தெரிந்ததைச் சொல்லிக்காட்டும் ஆசையும் விடவில்லை.

"காய்ச்சல் நல்லதுடா. வெள்ளணு ஒண்ணு கிருமியப் பாத்துடுச்சுன்னா, சைட்டோகைன்னு ஒரு புரதத்தை வெளிய விடும். அது ரத்தத்துல கலந்து போய் மத்த அணுவையெல்லாம் தட்டி எழுப்பும். ஊரைக் கூட்டாம திருடனப் பிடிக்க முடியுமா? ரெண்டு நாள் பொறு."

அவன் பொறுத்தான். அக்கா சொன்னால் அவனுக்கு வேதவாக்கு.

"கிருமி எப்பவோ அடங்கிடுச்சும்மா," என்றார் அவனைச் சேர்த்திருந்த வார்டின் டாக்டர். "அணுக்கள்தான் ஒண்ண ஒண்ணு கூப்பிடறத நிறுத்தல. திருப்பி நுரையீரலையே போட்டு அடிக்குது. ரெண்டு நாள் முன்னாடி வந்திருந்தா..."

உயிர் பிழைத்தான். கயிறு ஏறுவது மட்டும் இனி இல்லை என்றாகிவிட்டது.

ஐந்து வாரம் கழித்து வீட்டுக்குப் பார்க்கப் போனபோது தம்பி மனைவி காபியை நீட்டிக்கொண்டே கேட்டாள்: "உங்ககிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல அண்ணி, இவரு?"

அவள் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான். "எனக்கு ஊசின்னா பயம். அக்காகிட்ட சொன்னா தரதரன்னு இழுத்துட்டுப் போயிருப்பா."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். அக்கா காபியைக் குடித்தாள். நாக்கு சுட்டது. அந்தப் பொய்யை அவள் திருத்தவில்லை.

வேண்டாமென்றும் கேளாமல் வழியனுப்ப மாடிப்படி இறங்கி வந்தான். முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டான்.

"டேய், அன்னிக்கு நான்..."

"எவன் பெயின்ட் அடிச்சானோ, ஒரே கோட்டிங்கோட... விட்டுட்டான் பாரு," என்றான் சுவரைப் பார்த்து. உள்ளங்கையை அதில் ஊன்றிக்கொண்டு, மூச்சு திரும்பும்வரை, உரிந்த பெயின்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே நின்றான். இரண்டு படி கீழே அவள் காத்திருந்தாள்.