பார்ட்டிஷன் போட்ட நாள்

1

இந்தக் கதை 2005இல் பாண்டிச்சேரி பஸ்ஸில் கிடைத்தது. மரக்காணத்தில் ஏறிய பெண் ஒருத்தி செல்போனில், "பார்ட்டிஷன் போடும்போதே போயிடுச்சு" என்று அழுதாள். சொத்துத் தகராறு என்று நினைத்தேன். கம்ப்யூட்டர் விஷயம் என்று புரிவதற்குள் பெரிய முதலியார்சாவடியில் இறங்கிவிட்டாள். மீதியெல்லாம் என் கற்பனை, பெயர்கள் உட்பட.

2

பூவிழி உப்பளத்து வெயிலில்... (வேண்டாம். உப்பளத்துக்குப் போவது அவள் அம்மா வேலம்மாள்.) பூவிழி டிப்ளமோ முடித்தவள். பாண்டியில் ஒரு கம்பெனி டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டிருந்தது. லினக்ஸ் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் இருந்ததோ அண்ணன் கலியன் வாங்கிய விண்டோஸ் கம்ப்யூட்டர். கலியன் போன வருஷம் ஈசிஆர் ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனான். மைக் வாங்கிய அன்று அவன் பேசிப் பதிந்த ஃபைல் ஒன்று அதில் இருந்தது. தினமும் வேலைவிட்டு வந்ததும் வேலம்மாள் அதைக் கேட்பாள்.

3

கலியனின் சிநேகிதன் பிரபு, ரிப்பேர் கடைக்காரன், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தான். எதுவும் அழியாது. ஆனால் மெமரி பத்தவில்லை. கமாண்ட் அடித்துவிட்டு முகம் கழுவி வந்தாலும் திரை அப்படியே நிற்கும்.

"இப்பிடியே போனா தேறமாட்டேன்ணா. டிஸ்க்கப் பிரிச்சுத் தனியா போட்டுடுங்க."*

"போடலாம். மொதல்ல கலியன் ஃபைலெல்லாம் சிடில எடுத்துக்கலாம். நாளைக்கு சிடி ரைட்டர் கொண்டாறேன்."

"நாளைக்கா? இன்னிக்கே போடுங்கண்ணா."

(இவளை இவ்வளவு அவசரக்காரியாக்கலாமா? இந்த வரியை நீக்கிப் பார்த்தேன். கதை நகரவில்லை.)

பிரபு அன்றைக்கே டிஸ்க்கைப் பிரிக்க ஆரம்பித்தான். பாதியில் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது விண்டோஸ் வரவில்லை. பிரபு என்னென்னவோ செய்து பார்த்துக் கைவிரித்தான். லினக்ஸை மட்டும் போட்டுக் கொடுத்தான். அது நன்றாகவே ஓடியது.

* ட்யூயல் பூட். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் டிஸ்க்கில் ஆளுக்கொரு பாகம். ஆன் பண்ணும்போது ஏதாவது ஒன்றுதான் ஓடும்.

4

முதலில், பிரபு ஃபைலை மீட்பதாக முடித்தேன். கூச்சமாக இருந்தது. அடுத்து, பூவிழி கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று பொய் சொல்வதாக எழுதினேன். எத்தனை நாளைக்குச் சொல்வாள்?

வேலம்மாள் கால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவனப் போடு."

"போயிடுச்சும்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

வேலம்மாள் திட்டவில்லை.

"அன்னிக்கி என்னையும் பேசச் சொன்னான். வெக்கமா இருக்குதுடான்னு எழுந்து போயிட்டேன்."

பூவிழி அம்மாவின் பக்கத்தில் வந்து

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. டெஸ்ட் இன்னும் இருக்கிறது. அவள் படிக்கவும் வேண்டும். அம்மா கையைப் பிடிப்பாளா, கீபோர்டை இழுத்துக்கொள்வாளா? அவள் இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.